நூலால் தைத்த விண்ணப்பம்

தேர்வு முடிந்த கோடையில் ஏதாவது ஒரு கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். கடைக்காரரின் கம்ப்யூட்டரில் ‘பயோடேட்டா’ என்றொரு கோப்பு தயாராக இருக்கும். முந்தைய வருடம் படித்து முடித்த யாரோ ஒரு பையனுடையது. அதில் பெயரை மாற்றுவார், அப்பா பெயரை மாற்றுவார், மதிப்பெண்ணை மாற்றுவார். ‘குறிக்கோள்’ என்ற தலைப்புக்குக் கீழே இருக்கும் நான்கு வரி ஆங்கிலத்தை யாரும் தொடுவதில்லை. பொழுதுபோக்கு என்ற இடத்தில் பாட்டுக் கேட்பது, கிரிக்கெட் விளையாடுவது. கடைசியில், மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்றொரு உறுதிமொழி. இருபது பிரதி எடுத்து, பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் பஸ் ஏறுகிறார்கள். அந்த இருபது தாளிலும் அந்தப் பிள்ளை இல்லை.

அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. ஏனென்றால் அந்த வரிசையில் நிற்பவர்களில் ஒருத்தி கோலம் போட்டால் தெருவே நின்று பார்க்கும். இன்னொருவன் பழுதான மிக்ஸியைப் பிரித்துப் போட்டுப் பத்து நிமிடத்தில் ஓட வைப்பான். மூன்றாவது பெண், தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க அட்டையில் தானே ஒரு விளையாட்டுச் சாமான் செய்திருப்பாள். இதில் எதற்கும் அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

வேலை கேட்டுப் போகிறவர், தன்னைப் பற்றிச் சொல்லத் தன் கையாலேயே ஒரு பொருளைச் செய்து எடுத்துப் போகலாமா? போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கொண்டுபோன பொருள் 200 வருடத்துக்குப் பிறகும் லண்டனில் பத்திரமாக இருக்கிறது. அவர் கதையிலிருந்தே தொடங்குவோம்.

பைண்டிங் கடைப் பையன்

மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். 1791-ல் பிறந்தவர். எழுதப் படிக்க, கணக்குப் போடத் தெரிந்ததோடு பள்ளிக்கூடம் முடிந்தது. 14 வயதில், லண்டன் பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ஜார்ஜ் ரீபாவ் என்பவரின் பைண்டிங் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழு வருட ஒப்பந்தம். பகலில் தாள்களை மடித்து, ஊசி நூலால் தைத்து, பசை தடவி, தோல் ஒட்டும் வேலை. தைக்க வந்த புத்தகங்களை வேலை முடிந்ததும் படிப்பது பையனுக்குப் பழக்கமாயிற்று. பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையை அப்படித்தான் படித்தார். ஜேன் மார்செட் என்ற பெண்மணி உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் புத்தகமும் அப்படிக் கைக்கு வந்ததுதான்.

ஊரில் டேட்டம் என்பவர் அறிவியல் சொற்பொழிவுகள் நடத்திவந்தார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். ஃபாரடேயிடம் அந்தக் காசு இல்லை. இரும்படிக்கும் அண்ணன் ராபர்ட் கொடுத்தார். தம்பி போனார், கேட்டார், குறிப்பு எடுத்தார், வீட்டுக்கு வந்து அதைத் திருத்தமாக எழுதினார். கருவிகளின் படம் வரையத் தெரியவில்லை. ரீபாவ் வீட்டில் குடியிருந்த ஒரு பிரெஞ்சு ஓவியரிடம் வரையக் கற்றுக்கொண்டார். எழுதி முடித்ததைத் தானே தைத்துப் புத்தகமாக்கினார். பைண்டிங் தொழிலாளிக்கு அது கைவந்த கலை.

அந்தப் புத்தகங்களை ரீபாவ் சும்மா வைத்திருக்கவில்லை. நம் கடைப் பையன் எழுதியது பாருங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் காட்டினார். முதலாளி என்றால் அவர் முதலாளி! அப்படிப் பார்த்தவர்கள் வழியாக டான்ஸ் என்ற பெரியவருக்கு விஷயம் போயிற்று. அவர் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தின் உறுப்பினர். அன்றைக்கு இங்கிலாந்தின் பெயர்பெற்ற வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி அங்கே பேசவிருந்த நான்கு சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிக் கொடுத்தார். 1812 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நடந்த அந்தச் சொற்பொழிவுகளை, மண்டபத்துக் கடிகாரத்துக்கு மேலே இருந்த மாடத்தில் உட்கார்ந்து ஃபாரடே கேட்டார். திரும்பவும் அதே காரியம்: கேட்டது, எழுதியது, வரைந்தது, தைத்தது. இந்த முறை ஏறத்தாழ 300 பக்கம்.

அந்த வருடம் அக்டோபரில் தொழில் பழகும் காலம் முடிந்தது. வேறொரு பைண்டரிடம் கூலிக்குப் போனார். அந்த மனிதர் முன்கோபக்காரர். ஃபாரடேயின் மனமோ பசைச் சட்டியில் இல்லை. ஏதாவது ஓர் ஆய்வுக்கூடத்தில் எந்த வேலையானாலும் சரி என்று நினைத்தார். ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் தலைவர் ஜோசஃப் பேங்க்ஸுக்கு ஏற்கெனவே ஒரு கடிதம் எழுதிப் பார்த்திருந்தார். பதில் கேட்டு வாசலுக்குப் போனபோது, பதில் ஏதும் இல்லை என்று காவல்காரர் சொல்லி அனுப்பினார்.

இரண்டாவது முயற்சி டேவியிடம். டிசம்பர் மாதம். கடிதத்தோடு அந்தக் கையெழுத்துப் புத்தகத்தையும் சேர்த்து அனுப்பினார்.

டேவி 1812 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், பதில் எழுதினார். அந்தக் கடிதத்தில் அவர் பாராட்டியது மூன்றை: ஃபாரடேயின் ஆர்வத்தை, நினைவாற்றலை, கவனத்தை. வெளியூர் போகிறேன், ஜனவரி கடைசியில் திரும்புவேன், அதன்பின் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ‘நான் ஆர்வமுள்ளவன், நினைவாற்றல் உள்ளவன், கவனமாக வேலை செய்பவன்’ என்று ஃபாரடே தன் கடிதத்தில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் ஜெராக்ஸ் கடைக் கோப்பிலும் அந்த மூன்று வார்த்தைகளும் இருக்கின்றன. அவற்றை யாரும் படிப்பதில்லை. புத்தகத்தில் ஃபாரடே தன்னைப் பற்றிப் பேசவில்லை. பக்கம் பக்கமாக இருந்தது டேவியின் சொற்பொழிவு, டேவி மேஜையில் செய்து காட்டிய சோதனைகள், டேவியின் கருவிகள். ஆனால் 300 பக்கத்தைப் புரட்டி முடித்தவருக்கு எழுதியவன் எப்படிப்பட்டவன் என்பது தெரிந்துபோயிற்று. ஆய்வுக்கூட உதவியாளருக்கு என்ன வேண்டும்? நடப்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும், பிழையில்லாமல் குறிக்க வேண்டும், கை நிதானமாக இருக்க வேண்டும். மூன்றும் அந்தப் பக்கங்களிலும் தையலிலும் இருந்தன. வேலையைக் கேட்டு எழுதிய விண்ணப்பம் என்பதைவிட, அந்த வேலையின் முதல் தவணை என்று அதைச் சொல்லலாம்.

தமிழில் தைக்கிற இழையின் பெயரும் நூல்தான், புத்தகத்தின் பெயரும் நூல்தான். ஃபாரடே கொண்டுபோனது இரண்டும்.

உடனே வேலை கிடைத்துவிடவில்லை. ஜனவரியில் சந்தித்தபோது, கையில் இருக்கும் தொழிலை விட்டுவிடாதே என்றுதான் டேவி புத்தி சொன்னார். அறிவியலில் காசு வராது என்றார். வேண்டுமானால் எங்கள் புத்தகங்களை பைண்டிங்குக்கு உனக்கே தரச் சொல்கிறேன் என்றார். பிப்ரவரியில் ராயல் இன்ஸ்டிடியூஷனின் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தவர் அடிதடியில் இறங்கி வேலையை இழந்தார். டேவிக்குப் பைண்டிங் பையனின் நினைவு வந்தது. ஓர் இரவு ஃபாரடே வீட்டு வாசலில் டேவியின் வண்டி வந்து நிற்க, சேவகன் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். 1813 மார்ச் 1-ஆம் தேதி வேலை உறுதியாயிற்று. வாரம் 25 ஷில்லிங், கட்டடத்தின் மேல்தளத்தில் இரண்டு அறை.

1831-ல் அதே கட்டடத்தில்தான் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். உங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அந்தத் தத்துவத்தில்தான் ஓடுகிறது.

வெள்ளி யாழும் போர்க் கருவிகளும்

ஃபாரடேக்கு 330 வருடம் முன்பு லியனார்டோ டா வின்சி வேலை தேடி மிலான் நகருக்குப் போனார். சுமார் 1482-ஆம் ஆண்டு. அவருக்கு முப்பது வயது. மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு அவர் தயாரித்த கடிதத்தின் பிரதி இன்றும் மிலானில் அம்ப்ரோசியானா நூலகத்தில் இருக்கிறது. உலகின் முதல் பயோடேட்டா என்று அதைச் சொல்கிறவர்கள் உண்டு. முதலா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. அதில் உள்ள வரிசைதான் பாடம்.

எண் போட்டு எழுதியிருக்கிறார். எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள் செய்வேன். முற்றுகையின்போது அகழியின் நீரை வடிப்பேன். கோட்டையைத் தகர்ப்பேன். பீரங்கி வார்ப்பேன். எதிரிப் படைக்குள் புகும் மூடிய வண்டிகள் செய்வேன். இப்படியே போகிறது பட்டியல். ஓவியம் வரைவேன் என்பது கடைசியில், சமாதான காலத்துக்கான வேலைகளோடு சேர்ந்து வருகிறது. ‘மோனாலிசா’வை வரையப்போகிறவர் தன் ஓவியத்தைக் கடைசியில் வைத்தார். லுடோவிகோவின் தலைக்குமேல் அப்போது இருந்தது போர்க் கவலை. அதை அறிந்து எழுதினார். முடிக்கும்போது, இவற்றில் ஏதாவது ஆகாத காரியம் என்று தோன்றினால் உங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டத் தயார் என்றும் சொன்னார்.

கடிதம் மட்டுமல்ல. மிலானுக்குப் போகும்போது தன் கையாலேயே செய்த ஓர் இசைக்கருவியை அவர் எடுத்துப் போனதாக ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி சொல்கிறார். பெரும்பகுதி வெள்ளியால் ஆனது. குதிரையின் மண்டையோட்டு வடிவம். நாதம் பெரிதாகவும் இனிமையாகவும் ஒலிக்க அந்த வடிவம். ஒரே பொருளில் உலோக வேலை, உடற்கூறு, இசை அறிவு மூன்றையும் காட்டிவிட்டார். ‘கடைசி இராவுணவு’ ஓவியம் பிற்பாடு அதே லுடோவிகோ கொடுத்த வேலையாகத்தான் வந்தது.

அம்மாவின் கையெழுத்து

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹாலை சூப் டப்பா ஓவியங்களால்தான் உலகம் அறியும். அதற்கு முன்பு பத்து வருடத்துக்கு மேல் அவர் நியூயார்க்கில் விளம்பரங்களுக்குப் படம் வரைந்து பிழைத்தார். 1949-ல் அந்த ஊருக்கு வந்தார். மாதச் சம்பளம் இல்லை. பத்திரிகை ஆபீஸ்களின் கலை இயக்குநர்கள் கூப்பிட்டால்தான் அடுத்த வாடகை. அவர்கள் தன்னை மறக்காமல் இருக்க என்ன செய்வது?

சின்னச் சின்னப் புத்தகங்கள் செய்தார். 1954-ல் பூனைகளைப் பற்றி ஒன்று. கோட்டுருவத்தை அச்சடித்துக்கொண்டு, வண்ணத்தைக் கையால் தீட்டுவது. தனியாளாக முடியாது. செரண்டிபிட்டி என்ற உணவு விடுதியில் நண்பர்களைக் கூட்டி, ஆளுக்கொரு தூரிகை கொடுத்து உட்கார வைத்தார். எழுத்து வேலை அம்மா ஜூலியாவுடையது. இன்றைய ஸ்லோவாக்கியப் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்த அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமில்லை. தலைப்பிலேயே ஓர் எழுத்தை விட்டுவிட்டார். மகன் அதைத் திருத்தவில்லை. அப்படியே அச்சுக்குக் கொடுத்தார். இந்தப் புத்தகங்கள் வாடிக்கையாளர்களுக்கும் கலை இயக்குநர்களுக்கும் அன்பளிப்பாகப் போயின. 1950-களின் நடுவில் ஐ. மில்லர் என்ற செருப்புக் கம்பெனிக்கு அவர் வரைந்த விளம்பரங்கள் நாளிதழ்களில் வெளியாகிப் பேர் வாங்கின.

அம்மாவின் பிழையை விட்டுவைத்ததில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அது கணக்குப் போட்டுச் செய்ததாகவும் இருக்கலாம். ஆனால் வேறு யாராலும் போலி செய்ய முடியாத கையெழுத்து அந்த வீட்டில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்

நம் ஊருக்கு வருவோம். எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறாத ஓர் இளைஞர் 1910-ல் வேலை தேடிக் கிளம்பினார். கும்பகோணத்துக்காரர். கணக்கைத் தவிர மற்ற பாடங்களை விட்டுவிட்டதால் கல்லூரி கைவிட்டிருந்தது. சான்றிதழ் என்று காட்ட ஒன்றும் இல்லை. இருந்தது, தன் கைப்பட எழுதிய கணித நோட்டுப் புத்தகம். காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதுவது அவர் வழக்கம்.

சீனிவாச ராமானுஜன் முதலில் போனது திருக்கோவிலூருக்கு. அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயர் இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவர். தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை தர முடியுமா என்பதுதான் ராமானுஜன் கேட்டது. ராமசுவாமி ஐயர் நோட்டைப் புரட்டினார். இப்படிப்பட்ட மேதையை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார வைத்து அமுக்கிவிட மனம் வரவில்லை என்று பிற்பாடு அவரே எழுதினார். வேலை தரவில்லை, சென்னைக்குப் பரிந்துரைக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கடிதங்கள் ராமானுஜனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம். சவரம் செய்யாத முகம், கசங்கிய தோற்றம், பளிச்சிடும் கண்கள், கக்கத்தில் நைந்துபோன நோட்டுப் புத்தகம் என்று அந்தச் சந்திப்பை ராவ் பதிவு செய்திருக்கிறார். நோட்டில் இருந்ததை முதல் பார்வையில் அவரால் எடை போட முடியவில்லை. மறுபடி மறுபடி சந்தித்தபிறகே நம்பிக்கை பிறந்தது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஆராய்ச்சி செய்துகொண்டே உயிர் வாழ ஏதோ கொஞ்சம் போதும் என்றார் ராமானுஜன். மாதம் 25 ரூபாய் ராவ் கொடுத்தார். 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஃபாரடே வேலையில் சேர்ந்த அதே மார்ச் முதல் தேதி, 99 வருடம் கழித்து.

துறைமுக மேஜையில் உட்கார்ந்துகொண்டுதான் கேம்பிரிட்ஜுக்கு எழுதினார். அங்கே இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு முன்பே வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதிப் பயனில்லாமல் போயிருந்தது. 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்குப் போன கடிதத்தில் தன்னைப் பற்றி ஒரு பத்தி, மிச்சமெல்லாம் சூத்திரங்கள். ஹார்டி அதைத் தூக்கிப் போடவில்லை. சக கணிதவியலாளர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து படித்துப் பார்த்து, பிப்ரவரி 8-ல் பதில் எழுதினார்.

ராமானுஜன் கதையில் ஒரு கசப்பும் இருக்கிறது. கையில் இருந்த நோட்டு உலகத்தரம். அதைப் படிக்கத் தெரிந்த கண்ணுக்கு முன்னால் கொண்டுபோகும்வரை அது வெறும் பழைய நோட்டு. கையால் செய்த பொருள் எவ்வளவு உசத்தியானாலும் யாரிடம் நீட்டுகிறோம் என்பது பாதி விஷயம். திருக்கோவிலூருக்கு ரயில் ஏறியது ராமானுஜன் எடுத்த சரியான முடிவு. கணிதம் தெரிந்த அதிகாரி இருக்கும் ஊர் எது என்று விசாரித்துப் போனார்.

டோனட் பெட்டியும் கேக்கும்

இக்காலத்தில் இதைக் கேளிக்கையாகச் செய்தவர்கள் உண்டு. 2016-ல் லிதுவேனியாவிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ வந்த ஓர் இளைஞர், உணவு கொண்டுவந்து தருகிறவர்போல் உடுத்திக்கொண்டு விளம்பர நிறுவனங்களுக்கு டோனட் பெட்டி கொண்டுபோனார். பெட்டியின் மூடிக்குள்ளே அவருடைய பயோடேட்டா. பலரின் பயோடேட்டா குப்பைத்தொட்டிக்குப் போகும், என்னுடையது உங்கள் வயிற்றுக்குள் போகும் என்ற கருத்தில் ஒரு வாசகம். நேர்காணலுக்கு அழைப்புகள் வந்தன. 2022-ல் ஒரு பெண் தன் பயோடேட்டாவைக் கேக்கின் மேல் அச்சிட்டு, விளையாட்டுக் காலணி நிறுவனமான நைக்கியின் தலைமையகத்துக்கு அனுப்பினார். அதுவும் உலகச் செய்தியாயிற்று.

டோனட்காரருக்குப் பலித்ததற்குக் காரணம் டோனட் அல்ல. அவர் தேடியது சந்தைப்படுத்தும் வேலை. கதவுக்கு உள்ளே ஒரு செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்தத் தொழில். அதை அவர்கள் கண்முன்னே செய்து காட்டினார். அதே பெட்டியை ஒரு கணக்கர் கொண்டுபோயிருந்தால் இனிப்பு சாப்பிட்டதோடு முடிந்திருக்கும். இதைப் பார்த்து நம் ஊரிலும் யாராவது மைசூர்பாகுப் பெட்டியோடு கிளம்பினால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நம் ஆபீஸ்களில் இனிப்புப் பெட்டிக்கு வேறு அர்த்தம் உண்டு.

நல்ல முயற்சி எல்லாமே பலிக்கும் என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்க எழுத்தாளர் யூடோரா வெல்டி, 1933-ல் ‘நியூயார்க்கர்’ பத்திரிகைக்கு வேலை கேட்டு எழுதிய குறும்பான கடிதம் இன்றைக்கும் ரசித்துப் படிக்கப்படுகிறது. வேலை கிடைக்கவில்லை. அவருக்கு வயது 23. பிற்பாடு அவர் கதைகளை அதே பத்திரிகை வெளியிட்டது. 1973-ல் புலிட்சர் பரிசும் வந்தது.

கையில் கரண்டி, தோளில் மட்டப்பலகை

விடிகாலையில் ஊரின் நாற்சந்தியில் கூலிக்கு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கொத்தனார் கையில் கரண்டி, தோளில் மட்டப்பலகை. பெயின்டரிடம் தேய்ந்த பிரஷ். தச்சர் பையிலிருந்து ரம்பத்தின் பிடி எட்டிப் பார்க்கும். யாரும் படிவம் நீட்டுவதில்லை. வேலைக்கு ஆள் எடுக்க வருகிற மேஸ்திரி கரண்டியின் விளிம்பு தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே ஆளை அறிவார். வேலையைக் காட்டி வேலை கேட்பது நம் தொழிலாளிகளுக்குப் புதிதல்ல. படித்த பிள்ளைகள்தான் அதை மறந்துபோனார்கள்.

ஜெர்மனியில் தச்சுத் தொழில் பழகும் மாணவர், பயிற்சியின் முடிவில் தானே வடிவமைத்து ஒரு மரச்சாமானைச் செய்து முடிக்க வேண்டும் என்ற வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்தப் பொருள்தான் தேர்வு. பழைய ஐரோப்பியத் தொழிற்குழுக்களில் ஒருவர் ஆசான் நிலைக்கு உயரச் செய்து காட்டிய பொருளுக்கு இருந்த பெயர்தான் பிற்பாடு ‘மாஸ்டர்பீஸ்’ என்று கலை உலகத்துக்கு வந்தது. நம் ஐ.டி.ஐ. ஃபிட்டர் மாணவனும் அரத்தால் தேய்த்துத் தேய்த்து, ஒன்றுக்குள் ஒன்று பிசகில்லாமல் பொருந்தும் இரும்புத் துண்டுகளைச் செய்கிறான். தேர்வு முடிந்ததும் அது எங்கோ மூலைக்குப் போய்விடுகிறது. தம்பி, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வை. நேர்காணலில் மேஜைமேல் வை. ஒரு வார்த்தை பேச வேண்டாம். எதிரே இருப்பவர் ஃபோர்மேனாக இருந்தால் கை தானாக அதை எடுக்கும்.

என்ன செய்து எடுத்துப் போகலாம்?

தையல் படித்த பெண்ணுக்கு உள்ளங்கை அளவு துணித்துண்டுகள் போதும். ஒன்றில் காஜா, ஒன்றில் பைப்பிங், ஒன்றில் ஜிப், ஒன்றில் ஓவர்லாக். அவற்றையே பக்கங்களாக வைத்துத் தைத்துவிட்டால் துணியாலான புத்தகம். சூப்பர்வைசர் அதைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கத் தையலைத்தான் பார்ப்பார். பின்பக்கம் சுத்தமாக இருக்கட்டும். ஆசிரியை வேலைக்குப் போகிறவர், பின்னக் கணக்கை மூன்றாம் வகுப்புக் குழந்தை தொட்டுப் புரிந்துகொள்ள அட்டையில் ஒன்று செய்து கொண்டுபோகலாம். கணக்கு எழுதும் வேலைக்கு, கற்பனையாக ஒரு மளிகைக் கடைக்கு ஒரு மாத வரவு செலவைப் பதிந்து, ஜி.எஸ்.டி. பிரித்து, கடைசிப் பக்கத்தில் இருப்பு சரிபார்த்த தாள். வடிவமைப்பாளராகப் போகிறவர் அந்த நிறுவனத்தின் நோட்டீஸ் ஒன்றையே எடுத்துத் திரும்ப வடிவமைத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். பழையதைக் குறை சொல்லி ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது. அதைச் செய்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும்.

கைக்கு எதுவும் தோன்றாதவர்களுக்கு எட்டுப் பக்கப் புத்தகம் ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு ஏ4 தாள். இரண்டையும் சேர்த்து நடுவில் மடித்தால் எட்டுப் பக்கம். மடிப்பில் மூன்று துளை. மெழுகு தடவிய நூலால் நடுத் துளையில் தொடங்கி அங்கேயே முடிச்சு. பள்ளி நோட்டு தைக்கும் பைண்டரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுப்பார். முதல் பக்கத்தில் உங்கள் பெயரும் எந்த வேலைக்கு வந்தீர்கள் என்பதும். நடு விரிப்பில் நீங்கள் செய்த ஒரே ஒரு காரியம், தொடக்கம் முதல் முடிவு வரை, தவறிப்போன இடத்தையும் சேர்த்து. தவறை எப்படிச் சரிசெய்தீர்கள் என்ற பகுதியைத்தான் அனுபவஸ்தர்கள் இரண்டு முறை படிப்பார்கள். இன்னொரு பக்கத்தில், நீங்கள் போகும் இடத்தைப் பற்றி நேரில் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒன்று. கடைசிப் பக்கத்தில் முகவரியும் செல்பேசி எண்ணும். கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. தெளிவாக இருக்க வேண்டும்.

ஓர் இடத்துக்கு ஒரு புத்தகம். இருபது பிரதி எடுத்தால் அது மறுபடியும் ஜெராக்ஸ் கடைக்கே திரும்பிவிடும்.

இது எங்கே உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு போன்றவற்றில் எழுத்துத் தேர்வின் மதிப்பெண்தான் பேசும். அப்படி இருப்பதுதான் நியாயம். பெரிய நிறுவனங்கள் இணையத்தில் வரும் விண்ணப்பங்களை முதலில் மென்பொருளிடம் கொடுத்துப் பிரிக்கின்றன. அதற்கு அழகு தெரியாது, எழுத்துதான் தெரியும். படமாகச் செய்த பயோடேட்டாவை, பெட்டி பெட்டியாய் அலங்கரித்ததை, அது தப்பும் தவறுமாக வாசிக்கக்கூடும். அங்கே எளிய எழுத்தில் ஒரு பக்கம் போதும். கையால் செய்தது மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் மேஜைக்கு. இருபது பேர் வேலை செய்யும் பட்டறை, அச்சகம், பள்ளிக்கூடம், சிறிய ஸ்டுடியோ, பேக்கரி: முதலாளி தானே பார்த்து ஆள் எடுக்கும் இடங்கள் நம் ஊரில் நிறைய உண்டு.

காசுக்கு விற்கக்கூடிய எதையும் கொடுக்காதீர்கள். பொருள் கொடுத்து வேலை வாங்கும் கேவலத்தின் நிழல்கூட அதன்மேல் படக்கூடாது. காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வந்துவிடுவது இன்னும் நல்லது.

கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தன்னைத்தானே காட்டிக்கொள்வது அகம்பாவம் என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறோம். ஆனால் புறநானூற்றுக் காலத்துப் புலவர் பெருஞ்சித்திரனார் கூச்சப்படவில்லை. மன்னன் அதியமானிடம் பரிசில் தேடிப் போனார். அதியமான் அவரை நேரில் காணாமல் பரிசை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்க மறுத்துவிட்டார். என் தகுதியைப் பார்த்து, அறிந்து, பிறகு கொடு. தினையளவு கொடுத்தாலும் போதும் என்பதுதான் அவர் கேட்டது. வயிற்றுப்பாட்டுக்குப் போன இடத்தில் அந்த மனிதர் கேட்டது சலுகையை அல்ல, பார்வையை. என் வேலையைப் பாருங்கள் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களிடம். ஃபாரடே அனுப்பிய இரண்டு கடிதங்களில் ஒன்றுக்குப் பதில் இல்லை. இன்னொன்றுக்கு பண்டிகைக்கு முதல் நாள் பதில் வந்தது. அந்தப் பதில் கடிதத்தை ஃபாரடே பதினாறு வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தார். டேவியின் வரலாற்றை எழுதியவர் கேட்டபோது, அசலையே அனுப்பிவிட்டு, படித்ததும் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள் என்று எழுதினார். ராமானுஜனுக்கும் இரண்டு கதவுகள் சாத்தியபின் மூன்றாவது கதவில்தான் பதில் வந்தது. வேலை இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். ஆனால் உங்கள் வாசலுக்கு ஒரு பிள்ளை தன் கையால் செய்ததைக் கொண்டுவந்தால், பிரித்துப் பாருங்கள். பார்த்தேன் என்று ஒரு வரி பதில் போடுங்கள்.